ஊதிப் பார்த்த துணி

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டை நான் கேட்கவில்லை. இவராக வாங்கி வந்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டு, "இனி தெனமும் எழுதோணும்" என்று என் மடியில் வைத்தார். எந்தக் கார், எந்தக் கதவு, என்ன அளவு, எங்கே தப்பு வந்தது, எல்லாம் எழுத வேண்டுமாம். காலையில் காப்பி குடிக்கும்போது அவர் படித்துச் சிவப்புப் பேனாவில் திருத்துவாராம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்திருக்கிறார்.

எழுது என்றால் எல்லாவற்றையும்தான் எழுதுவேன். படிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் செல்வநாயகி. இவர் திருமூர்த்தி. கோயமுத்தூர் கணபதியில் இருக்கிறோம். இவர் இருபது வருஷம் பவுண்டரியில் பேட்டர்ன் வேலை பார்த்தவர். இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுப்பதுதான் அந்த வேலை. அரை நூல் பிசகினாலும் வார்ப்பு வீண். பேட்டர்ன் கொட்டகையும் மண் சலிக்கும் கொட்டகையும் ஒரே கூரை. போன ஆவணியில் வேலையை விட்டுவிட்டார். "மண்ணுத் தூசு ஒத்துக்கல" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் பஷீர் பாய் ஒரு பழைய கான்டெஸாவை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். ஸ்பீக்கர் புதுசு, அதை மூடுவதற்கு அந்தக் கதவுக்குப் பொருந்துகிற கிரில் எங்கேயும் கிடைக்கவில்லை. இவர் பலகையில் வளையம் அறுத்து, சல்லடைத் தகடு பதித்து, மேலே துணி இழுத்து மூடி, கதவோடு பிறந்தது மாதிரி செய்து கொடுத்தார். துணியை இழுத்தது நான். பத்து வருஷம் ஜாக்கெட் தைத்த கை. அந்தக் காரைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள், அந்த இரண்டைப் பார்த்து ஐந்து பேர். இப்போது எங்கள் வாசலில் எங்கள் ஸ்கூட்டரை நிறுத்த இடமில்லை.

இன்றைய வேலை: ஆல்டோ, முன் கதவு இரண்டு. ஆறரை அங்குலம்.

(ஓரத்தில் சிவப்பு மையில் அவர்: ஆறரை இல்லை, ஆறே கால். ஸ்கேலைப் பார், வாசலைப் பார்க்காதே.)

ஜூன் 5, வியாழன்

ஆறே கால்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

கிரில் துணிக்கு ஒரு சோதனை உண்டு. துணியை வாய்க்கு முன்னால் இழுத்துப் பிடித்து, பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஊத வேண்டும். மூச்சு கையில் பட்டால் ஸ்பீக்கர் சத்தமும் அதன் வழியாக வரும். படாவிட்டால் அந்தத் துணி பாவாடைக்குத்தான் ஆகும். இந்தச் சோதனையை இவர் யாரிடமும் விட்டதில்லை.

இன்று புது ரோலைப் பிரித்து ஊதினார். "காத்து போகல, திருப்பிக் குடுத்துரு" என்றார். நானும் பஸ்ஸில் சுமந்துகொண்டு போய் மாற்றி வந்தேன். அதையும் ஊதினார். "இதும் போகல." மறுபடி போனால் துணிக்கடைக்காரர் என்னை அடிக்க மாட்டார், ஆனால் நினைப்பார். அதனால் நானே ஊதிப் பார்த்தேன். கையில் சில்லென்று பட்டது.

"போகுதுங்களே?"

"உன்றது மாட்டு மூச்சு, நாயகி. செவுத்துலயும் போகும்."

சரி என்று மாடு ஊதின துணியிலேயே வேலை நடந்தது. பஷீர் பாய் மாட்டிப் பார்த்துவிட்டு, "சவுண்டு க்ளீனா இருக்கும்மா" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு ஆணி பொறுக்கினார்.

ஜூன் 19, வியாழன்

பஷீர் பாய் கடைக்குப் போகிறேன் என்று ஒன்பது மணிக்குக் கிளம்பியவர் இரண்டு மணிக்கு வந்தார். நடுவில் பஷீர் பாயே போன் செய்து, "அண்ணன் வீட்ல இருக்காரா?" என்று கேட்டார். வந்ததும் விசாரித்தேன். வழியில் பழைய சிநேகிதன் ஒருவன் பிடித்துக்கொண்டானாம். அந்தச் சிநேகிதன் இவர் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறான். அதையும் கேட்டேன். கொசு கடித்ததாம்.

(சிவப்பு மையில்: கொசுதான். வேலையைப் பற்றி எழுது.)

ஜூன் 24, செவ்வாய்

பட்டறையைச் சுத்தம் செய்தேன். பலகைகளை எல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து, அளவு பார்த்து நிறுத்தினேன். பின்னால் சுவரோரம் தூசு, பழைய பேப்பர், உறை, பல்லி முட்டை. எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்துவிட்டேன்.

வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

நேற்று எழுதவில்லை. மகள் மிருதுளாவுக்குச் சுடிதார் எடுக்க டவுனுக்குப் போயிருந்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை. வெறுங்கையோடு வந்தேன்.

இன்று அரிசிம்பருப்பு சாதம், கொள்ளுத் தொவையல், நெய், அப்பளம். சாயங்காலம் சந்தகை பிழிந்து தேங்காய்ப் பால் ஊற்றினேன். "என்ன நாயகி, விசேஷமா?" என்று கேட்டார். "கொள்ளுல வண்டு விழுகுதுங்க, தீர்க்கோணும்" என்றேன். இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். இனி நிறைய வண்டு விழும்.

வேலை: டாட்டா சுமோ, பின் கதவு இரண்டு. ஆறே கால். ஸ்கேலைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஜூலை 2, புதன்

ரவுட்டர் மெஷினை நான் ஓட்ட வேண்டும் என்று ஒரே பிடி. பலகையை வட்டமாக அறுப்பது அதுதான். அது போடும் கூச்சலும் அது துப்பும் தூளும் எனக்கு ஆகாது. "துணி என் வேல, மரம் உங்க வேல, அப்படித்தானுங்க பேச்சு" என்றேன். "பேச்சு மாறிப்போச்சு" என்றார்.

முதல் வளையம் கோழி முட்டையாக வந்தது. இரண்டாவது அதே கோழியின் இரண்டாவது முட்டை. இவர் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. நான் மெஷினை அணைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு ஆணி டப்பாவைத் தேடினேன். இருமல் நின்றதும், "தூளு பறக்குதுல்ல" என்றார். "ஆமாங்க, தூளு" என்றேன்.

ஒன்பதாவது வளையம் வட்டம்.

(சிவப்பு மையில்: ஒன்பதாவது இல்லை, ஏழாவதே வட்டம்தான். நீதான் தூக்கிப் போட்டாய்.)

ஜூலை 10, வியாழன்

இன்று எனக்கு வந்த கோபத்தைப் பக்கம் பக்கமாக எழுதலாம். அன்னூரிலிருந்து ஒருவர் பொலீரோ கொண்டு வந்தார். மீசை, தங்கக் காப்பு, வெள்ளை வேட்டி. "வூட்ல ஆம்பளைங்க இல்லீங்களா?" என்று என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். இவர் உள்ளேதான் இருந்தார், ஜன்னலுக்குப் பக்கத்தில், கட்டிலில். குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. நானும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

சரி என்று நானே கதவைத் திறந்து, அட்டையை வைத்து உருவம் வரைந்து, ஆழம் அளந்து, பாட்டை அதிகமாக வைத்தால் கிரில் அதிருமா என்று அவர் கேட்டதற்கு, அடியில் கம்பளி நாடா ஒட்டுவோம், அதிராது என்றேன். கடைசியில் அவர், "சனிக்கெழம வரட்டுங்களாக்கா?" என்றார். அக்காவாகிவிட்டேன்.

உள்ளே போய், "வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டேன்.

"நீதான் நல்லாப் பேசினியே."

"பேச்சு வராம போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அடுத்த வண்டிக்கு நீ இன்னும் நல்லாப் பேசியிருப்ப."

அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு அந்தத் திருப்தியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன், தேவைக்கு மேலேயே உரித்தேன்.

ஜூலை 18, வெள்ளி

போர்டு வந்துவிட்டது. 'செல்வநாயகி ஸ்பீக்கர் கிரில்ஸ்.' நீலத்தில் மஞ்சள் எழுத்து. என்னைக் கேட்கவே இல்லை. உங்கள் பெயர் எங்கே என்றால், "என்ற பேரு நீளம், போர்டுல எடம் பத்தாது" என்கிறார். எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஆறே எழுத்துதான். அதைச் சொன்னதும், "அப்ப உன்றது பாக்க அழகா இருக்கும்" என்றார்.

ஏணியில் ஏறி மாட்டியது பக்கத்து வீட்டுக்காரர். இவர் கீழே நின்று, இடது பக்கம் ஒரு நூல் தூக்கு, இறக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறுவதென்றால் முதலில் ஓடுகிறவர் இவர்.

கரண்டு இணைப்பும் என் பெயருக்கு மாறிவிட்டது. பலகைக் கடைக்காரர், தகட்டுக் கடைக்காரர், பெயின்ட் அடிப்பவர், எல்லோருடைய நம்பரும் என் போனில் ஏறிவிட்டது. இப்படி எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு இவர் சோம்பேறியாகிவிட்டார். இதைப் படிக்கும்போது வெட்கப்படட்டும்.

(சிவப்பு மையில்: வெட்கப்பட்டேன்.)

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மிருதுளா திருச்சி ஹாஸ்டலில் இருந்து வந்திருந்தாள். மூன்றாம் வருஷம் படிக்கிறாள், இன்னும் தலை பின்னிக்கொள்ள என் மடிதான். வந்ததும், "அப்பா ஏம்மா இப்படி எளைச்சுட்டாரு?" என்றாள். "இனிப்பக் கொறைச்சுட்டாரு" என்றேன்.

மத்தியானம் அப்பாவும் மகளும் மளிகைக் கடைக்கு நடந்து போனார்கள். கடை பத்து வீடு தள்ளித்தான். ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். அவள் கண் சிவந்திருந்தது. "என்ன அம்மணி?" என்றேன். "தூசு விழுந்துருச்சும்மா" என்றாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தூசுதான் தொந்தரவு.

கிளம்பும்போது என்னைக் கட்டிப் பிடித்தாள். பஸ் புறப்படும் நேரம் வரை விடவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெரிய வேலை. ட்ராவல்ஸ்காரர் ஒருவருக்கு ஆறு வேன், வேனுக்கு நாலு, மொத்தம் இருபத்து நாலு கிரில். பஷீர் பாய் சிபாரிசு. இது நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க வேலை வரும் என்றார். பத்து நாளாக வேறு நினைப்பே இல்லை. மரம் நான், தகடு நான், துணி நான். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லுவார்.

பெரிய கிரில்லில் துணி தொய்கிறது. அதனால் ஓரத்தில் மட்டும் அடிக்கும் ஸ்ப்ரே பசையைத் தகடு முழுக்க அடித்து ஒட்டினேன். சும்மா தட்டினால் முரசு மாதிரி விறைப்பாக நிற்கிறது. இன்று இவர் ஒவ்வொன்றாக வாயருகில் பிடித்து ஊதிப் பார்த்து, இருபத்து நாலுக்கும் பின்பக்கம் பென்சிலில் டிக் போட்டார்.

வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இருபத்து நாலும் திரும்பி வந்துவிட்டது. பாட்டு கம்பளிக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறதாம். பசை துணியின் கண்ணை எல்லாம் அடைத்துவிட்டது. பஷீர் பாய் சத்தம் போடவில்லை. "அண்ணன் ஊதிப் பாத்தா சரியாத்தானே இருக்கும்? எப்படிம்மா விட்டாரு?" என்று மட்டும் கேட்டார். "நான் கடைசில பசையை மாத்தி அடிச்சுட்டேன் பாய், அவருக்குத் தெரியாது" என்றேன்.

தப்பு என்னுடையது. பசை அதிகம். திருப்பிச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இது எழுத வேண்டிய தப்பு, அதனால் எழுதியிருக்கிறேன்.

(சிவப்பு மையில், கோணலாக: உன் தப்பு இல்லை.)

செப்டம்பர் 9, செவ்வாய்

பன்னிரண்டு துணி உரித்துப் புதிதாக இழுத்தேன். காலையில் அவர் பேனாவைத் திறந்தார். வெறும் ஒரு கோடு போட்டுவிட்டு மூடினார். நேற்றுச் செய்ததில் திருத்த ஒன்றும் இல்லை என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சளி.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர், "நோட்டு எங்க?" என்று கேட்டார். நீட்டினேன். பிடிக்க முடியவில்லை. நெஞ்சில் வைத்துத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் இதை அவர் படிக்க மாட்டார். அதனால் இனிமேல் உண்மையை எழுதலாம்.

எனக்கு ஜூன் இருபத்து நாலாம் தேதியே தெரியும்.

பலகைகளுக்குப் பின்னால் இருந்த உறையில் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் இருந்தது. மறுநாள் சுடிதார் எடுக்கப் போகவில்லை. அந்தக் காகிதங்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டு அதில் பெயர் இருந்த டாக்டரைத் தேடிப் போனேன். இருபது வருஷ மண் நுரையீரலுக்குள்ளே இறுகிவிட்டது, இனி இளகாது என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறார், அது மூச்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு வருஷம் போனால் அதிகம் என்றார். நான் என்ன செய்யட்டும் என்றேன். "அவரு மனசு நிம்மதியா இருக்கட்டும்மா." பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அப்போது இவர் ரவுட்டருக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் எனக்காக ஒரு கட்டை செய்துகொண்டிருந்தார், என் உயரத்துக்கு ஏற்ற மாதிரி நான் ஏறி நின்று வேலை செய்ய. விசில் அடித்துக்கொண்டிருந்தார். பாதி மூச்சு விசில். தான் போவதற்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டுப் போக வேண்டும், அதுவும் நான் பயப்படாமல் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று விட்டேன். இந்த நோட்டைத் தினமும் படிக்கிறார், அதனால் இதிலும் ஒன்றும் தெரியாதவளாகவே எழுதினேன். சோம்பேறி என்று எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் அவருக்காக எழுதின பொய்.

அந்த இருபத்து நாலு கிரில். அன்று அவர் ஊதவே இல்லை. துணியை வாயருகில் பிடித்து, கன்னத்தை மட்டும் உப்பவைத்துவிட்டு டிக் போட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் கிரில்லிலேயே பார்த்துவிட்டேன். எழுந்து நானே ஒரு தடவை ஊதியிருந்தால் பசை அடைத்தது தெரிந்திருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் நான் ஊதினால், உங்களுக்கு மூச்சில்லை என்பது எனக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அதற்குப் பயந்து இருபத்து நாலையும் வேனில் ஏற்றி அனுப்பினேன்.

இங்கேயும் டாக்டரிடமும் நர்ஸிடமும் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறார். "சளிதாம்மா" என்று நர்ஸ் என்னிடம் சொல்லும்போது தலையணையைச் சரி செய்கிறாள். "அப்படியா, நான் பயந்தே போயிட்டேன்" என்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, ரவுட்டருக்கும் ஸ்டேப்ளருக்கும் சந்தனம் வைத்தேன். பொரி கடலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஒரு பொரியை நாக்கில் வைத்துக்கொண்டார்.

இருபத்து நாலையும் முடித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

மத்தியானம் தெளிவாக இருந்தார். குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, "நாயகி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார். கையை நீட்டினார். இத்தனை மாசமும் இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் விலக்கின குழாயைத் திரும்ப மூக்கில் வைத்துவிட்டேன். அவர் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

"அப்பறம் பேசலாங்க. மொதல்ல தூங்குங்க" என்றேன்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"வேன் கிரில்லு குடுத்தாச்சா?"

"நேத்தே மாட்டியாச்சுங்க."

"எத்தன திருகாணி போட்ட?"

"ஒண்ணுக்கு நாலு."

"ஆறு போட்டிருக்கலாம்."

"சரிங்க, அடுத்த தடவ ஆறு போடறேன்."

கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் கேட்கலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

காலை ஆறு இருபதுக்கு. எழவே இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. எங்களுக்கு இல்லை.

திருகாணி பற்றிப் பேசினோம். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு, கடைசியாகத் திருகாணி பற்றிப் பேசினோம். அவர் என்னவோ சொல்ல வந்தார், நான் வாயை அடைத்தேன். நோயைப் பற்றித்தான் சொல்ல வந்தாரா, வேறு ஏதாவதா, அதுவும் தெரியாது. அவருக்கு நிம்மதி வேண்டும் என்று நான் நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சாவது என்ன நிம்மதி? என்னிடம் ஒரு தடவை அழுதிருப்பார். நானும் அழுதிருப்பேன். அதைத்தான் நான் தடுத்தேன். இதை எப்படி எழுதினாலும் ஆறவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மிருதுளா வெள்ளிக்கிழமை வந்தாள். இன்று பட்டறையில் என்னோடு நின்றாள். ஒரு ஸ்விஃப்டுக்குப் பின்பக்கக் கிரில். அவள் துணியை இழுத்துப் பிடிக்க, நான் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு வந்தேன். மூன்று பக்கம் அடித்து முடித்ததும் அவள் கை துணியை விட்டுவிட்டது.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

நிஜமாகச் சொல்கிறேன், 'அப்பறம் பேசலாம், துணியப் புடி' என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஸ்டேப்ளரைக் கீழே வைத்தேன்.

"சொல்லு அம்மணி."

ஆடிப் பதினெட்டு அன்றைக்கு, கடைக்குப் போகும் வழியில் அப்பா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"உனக்குத் தெரிஞ்சா நீ ஒடஞ்சு போயிருவேன்னாரும்மா. கடை நிக்கற வரைக்கும் தெரிய வேண்டாம்னாரு. நான் ஹாஸ்டல் பாத்ரூம்ல போயி அழுவேன். அப்பறம் மொகத்தக் கழுவிட்டு உனக்குப் போன் போடுவேன். நீ பாட்டுக்கு அவரு சோம்பேறி ஆயிட்டாரு, கொள்ளுல வண்டு விழுந்துருச்சுன்னு சொல்லீட்டிருப்ப. எனக்கு உம்மேல அவ்வளவு பாவமா இருக்கும். உன்னெ ஏமாத்திட்டேம்மா. என்னெ மன்னிச்சுரு."

அவளை நிம்மதியாக அனுப்பி வைக்க எனக்குத் தெரியும். 'பரவால்ல சாமி, எனக்குத் தெரியாததே நல்லதாப் போச்சு' என்று சொன்னால் போதும், ராத்திரி தூங்கிவிடுவாள். இந்த வருஷம் முழுக்க நான் கற்றுக்கொண்டது அந்த வேலையைத்தான்.

"எனக்கு ஜூன் மாசமே தெரியும்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. நோட்டை எடுத்து செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதியைத் திறந்து கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். பிறகு மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப மூணு பேருக்குமே தெரியுமா?"

"ஆமா."

"ஒருத்தருக்கொருத்தர் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருந்தோமா?"

"ஆமா."

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, மூணு பேரும் உக்காந்து அழுதிருக்கலாமேம்மா."

அழுதிருக்கலாம். அழுதுவிட்டு மறுநாள் இதே பலகையை இதே மாதிரி அறுத்திருக்கலாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் சாய்ந்து அவள் அழுதாள், அவள் தலையில் சாய்ந்து நான் அழுதேன். சாவு வீட்டில்கூட நான் இப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. "கிரில்லு போடறது இங்கதானுங்களா?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

"இங்கதானுங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். "கொஞ்சம் பொறுங்க. நாங்க அழுதுட்டிருக்கோம்."

அவர் வண்டியை அணைத்துவிட்டு நின்றார்.